எதிரொலிப் பெட்டி: வீட்டிலேயே ஒரு டிலே பெடல்

கிட்டார் எழுப்பும் ஒலியைச் சற்று நேரம் பிடித்து வைத்திருந்து, பிறகு திருப்பிக் கொடுக்கும் சிறு மின்னணுப் பெட்டிதான் டிலே பெடல். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் இருக்கும். காலால் மிதித்தால் இயங்கும், மறுபடி மிதித்தால் ஒதுங்கிக்கொள்ளும். வாசித்த சுரத்தின் பின்னால் அதே சுரம் தேய்ந்துகொண்டே நாலைந்து முறை வரும். மலையிலும் கோயில் மண்டபத்திலும் கேட்கும் எதிரொலிக்கும் இதற்கும் கணக்கு ஒன்றே. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. 17 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் மோதித் திரும்ப அதற்கு ஏறத்தாழ 100 மில்லி விநாடி ஆகும். சுவரும் தூரமும் இல்லாமல் அந்த 100 மில்லி விநாடியை உண்டாக்குவதுதான் பெடலின் வேலை.

பெரும்பாலான டிலே பெடல்களில் மூன்று குமிழ்கள் இருக்கும். எதிரொலி எவ்வளவு நேரம் கழித்து வர வேண்டும் என்பதை ஒன்று தீர்மானிக்கும். எத்தனை முறை திரும்ப வர வேண்டும் என்பதை இரண்டாவது குமிழும், நேரடி ஒலியோடு ஒப்பிட்டால் எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்பதை மூன்றாவதும் பார்த்துக்கொள்ளும். நேரத்தை 30 மில்லி விநாடிக்குக் கீழே வைத்தால் காது அதைத் தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்பதில்லை. ஒலி தடிப்பதாக மட்டும் உணர்கிறது. 80 முதல் 150 வரை வைத்தால் சுரம் பட்டென்று ஒருமுறை திருப்பி அடிக்கும். 300-ஐத் தாண்டினால் எதிரொலிகள் தாளத்தில் ஓர் அங்கமாகவே ஆகிவிடுகின்றன.

இந்தத் தாமதத்தை முதலில் சாதித்தவை காந்த நாடாக்கள். நாடாவில் ஒலியைப் பதியும் முனை ஓரிடத்திலும் படிக்கும் முனை சற்றுத் தள்ளியும் இருப்பதால், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே தாமதமாகிறது. விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் முனைகள் 2 அங்குல இடைவெளியில் இருந்தால் தாமதம் 133 மில்லி விநாடி. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் சன் ஸ்டுடியோவை நடத்திய சாம் ஃபிலிப்ஸ், 1954-இல் எல்விஸ் பிரெஸ்லியைப் பதிவு செய்தபோது கேட்ட எதிரொலி இப்படிப் பிறந்ததுதான். பின்னர் 1959-இல் எக்கோபிளெக்ஸ், 1974-இல் ரோலண்ட் நிறுவனத்தின் ஸ்பேஸ் எக்கோ என்று நாடாக் கருவிகள் மேடைக்கு வந்தன. இனிமையான கருவிகள்தான், ஆனால் கனமானவை. நாடா தேயும், முனைகளைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

1969-இல் ஃபிலிப்ஸ் மின்னணு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் நாடாவே இல்லாத வழியொன்றைக் கண்டுபிடித்தார்கள். தீயணைக்க வரிசையாக நிற்பவர்கள் தண்ணீர் வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புவதுபோல, ஒரு சிப்புக்குள் வரிசையாக அமைந்த ஆயிரக்கணக்கான நுண் கெப்பாசிட்டர்கள் ஒலியின் அளவை மின்னூட்டமாக ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கடத்தும். 4,096 படிகள் கொண்ட எம்.என்.3005 என்ற சிப் அதிகபட்சம் 204.8 மில்லி விநாடி தாமதம் தந்தது. இன்றும் ‘அனலாக் டிலே’ என்று இசைக்கலைஞர்கள் தேடிப் போவது இந்த வகையைத்தான். 1980-களின் முற்பாதியில் பாஸ் நிறுவனத்தின் டி.டி.-2 பெடல், ஒலியை எண்களாக மாற்றி நினைவகத்தில் எழுதிப் படிக்கும் முறையைக் காலடிக்குக் கொண்டுவந்தது. 800 மில்லி விநாடி வரை தெளிவாக ஒலித்தது.

வீட்டில் பெடல் செய்பவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது இவற்றுக்கு இடைப்பட்ட ஒன்றை. தைவானைச் சேர்ந்த பிரின்ஸ்டன் டெக்னாலஜி நிறுவனம் கரோக்கி கருவிகளுக்காக வடிவமைத்த பி.டி.2399 என்ற 16 கால் சிப்தான் அது. மைக்கில் பாடுபவரின் குரலுக்கு எதிரொலி சேர்க்கப் பிறந்த இந்த மலிவான சிப், உலகெங்கும் சிறு பெடல் தயாரிப்பாளர்களின் மூலப்பொருளாகிவிட்டது. உள்ளுக்குள் அது டிஜிட்டல். ஆனால் எழுப்பும் ஒலியோ பழைய அனலாக் பெடல்களை நினைவூட்டும் அளவுக்கு மங்கலானது, இதமானது. அதன் காரணம் சிப்பின் நினைவகத்தில் இருக்கிறது. இந்தப் பெடலின் வடிவமைப்பில் எடுக்க வேண்டிய முடிவுகள் ஏறத்தாழ எல்லாமே அந்த ஒரு காரணத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

பி.டி.2399-இன் நினைவகம் 44 கிலோபிட். இது எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு கணக்கு: குறுந்தகட்டின் தரத்தில் ஒரு தட ஒலியைப் பதிய விநாடிக்கு 7,05,600 பிட் வேண்டும். அந்தத் தரத்தில் இந்த நினைவகம் 62 மில்லி விநாடியிலேயே நிரம்பிவிடும். அதனால் சிப் வேறொரு தந்திரத்தைக் கையாள்கிறது. ஒலியின் முழு அளவையும் எழுதுவதற்குப் பதிலாக, கடந்த கணத்தைவிட இப்போது ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதை மட்டும் ஒரே பிட்டில் மிக வேகமாகக் குறித்துக்கொண்டே போகிறது. எழுதிய பிட்கள் நினைவகத்தைச் சுற்றிவர எடுத்துக்கொள்ளும் நேரமே தாமதம். நினைவகத்தின் அளவு மாறாது. ஆகவே தாமதத்தைக் கூட்ட ஒரே வழி, எழுதும் வேகத்தைக் குறைப்பது. 342 மில்லி விநாடித் தாமதத்துக்கு விநாடிக்குச் சுமார் 1,30,000 பிட் எழுதப்படுகிறது. தாமதத்தை 600-க்கு மேல் இழுத்தால் அது 70,000-ஆகச் சரிந்து, எதிரொலியின் விளிம்பில் மணல் உராய்வது போன்ற இரைச்சல் எழும். நேரமா, தெளிவா? இரண்டில் ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடியும்.

தாமதத்தைக் கட்டுப்படுத்துவது சிப்பின் 6-ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே உள்ள மின்தடை. பெடல் செய்பவர்கள் பயன்படுத்தும் எளிய வாய்பாடு ஒன்று உண்டு: மின்தடையைக் கிலோ ஓமில் எடுத்து 11.46-ஆல் பெருக்கி 29.7-ஐக் கூட்டினால், தாமதம் மில்லி விநாடியில் தோராயமாகக் கிடைக்கும். 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் 25 கிலோ ஓம் பாட் (குமிழைத் திருப்பினால் மாறும் மின்தடை) ஒன்றையும் தொடராக இணைத்தால் 55 முதல் 341 மில்லி விநாடி வரை கிடைக்கும். 50 கிலோ ஓம் பாட் போட்டால் 628 வரை போகலாம். முதல் பெடலுக்கு 25 கிலோ ஓமே நல்லது. நீண்ட தாமதம் காகிதத்தில் கவர்ச்சியாகத் தெரிந்தாலும், காதுக்கு நிறைவு தருவது சுத்தமாக ஒலிக்கும் குறுகிய தாமதம்தான்.

அந்த 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை விட்டுவிடக் கூடாது. மின்சாரம் பாயத் தொடங்கும் கணத்தில் 6-ஆம் காலில் மின்தடை மிகக் குறைவாக இருந்தால் பி.டி.2399 உறைந்துபோய் எதிரொலியே தராது. மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும். பாட்டைக் குறைந்தபட்ச நிலையில் விட்டுவிட்டு மேடையில் பெடலை இயக்கும் ஒருவருக்கு இது பெரிய சங்கடம். ஒரே ஒரு ரெசிஸ்டர் அதைத் தடுத்துவிடுகிறது.

சிப்பைச் சுற்றி அமையும் சர்க்யூட்டைக் கிட்டார் ஜாக்கிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். கிட்டாரின் பிக்கப் என்பது ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட கம்பிச் சுருள். அதிலிருந்து வரும் மின்னழுத்தம் சிறியது, பலமற்றது. குறைந்த மின்தடை கொண்ட சர்க்யூட்டில் நேரடியாகச் சேர்த்தால் அதன் மேல்சுரங்கள் அமுங்கிவிடும். மைக் ஆம்ப்ளிஃபயர்களுக்கென்று கடைகளில் கிடைக்கும் தயார் எக்கோ போர்டுகளைக் கிட்டாருக்கு அப்படியே பயன்படுத்த முடியாததற்கு இதுவே முதல் காரணம். ஆகவே அந்த மின்னழுத்தத்தை அமுக்காமல் வாங்கிப் பலத்தோடு கொடுக்கும் பஃபர் ஒன்று நுழைவாயிலில் வேண்டும். டி.எல்.072 என்ற இரட்டை ஆப்-ஆம்பின் ஒரு பாதி இதற்குப் போதும். உள்ளே வரும் 22 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்து 7 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளதை மட்டுமே வடிகட்டும். கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் 82 ஹெர்ட்ஸ் என்பதால் எதுவும் இழக்கப்படாது. ஆப்-ஆம்ப் 9 வோல்ட்டின் நடுவே இயங்க வேண்டும். சம அளவுள்ள இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைப் பாதியாக்கி, ஒரு 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரால் நிலைப்படுத்தினால் 4.5 வோல்ட் கிடைக்கும்.

பஃபரைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை எங்கும் நிற்காமல் நேராகக் கடைசிக் கலவைக்குப் போகிறது. மற்றது சிப்புக்குள் நுழைகிறது. பி.டி.2399 வழியே முழு ஒலியையும் செலுத்தி வெளியே எடுப்பவர்களும் உண்டு. அது வீண். நேரடி ஒலி சிப்பைத் தொடாமல் போனால், எதிரொலி எவ்வளவு மங்கினாலும் வாசிப்பின் தெளிவு குறையாது. வீட்டில் செய்த எளிய பெடல் விலையுயர்ந்த பெடலுக்கு இணையாக ஒலிப்பதற்கு இந்தப் பிரிவே பெருமளவு காரணம்.

சிப்புக்குள் போகும் கிளை முதலில் ஒரு வடிகட்டியைச் சந்திக்கிறது. 15, 16-ஆம் கால்களில் இதற்கான ஆப்-ஆம்ப் சிப்பிலேயே இருக்கிறது. வெளியே சில ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும் சேர்த்தால் போதும். எழுதும் வேகம் ஈடுகொடுக்க முடியாத உயர் அதிர்வெண்களை முன்கூட்டியே நீக்காவிட்டால், அவை உள்ளே சிதைந்து கரகரப்பாக வெளியே வரும். நினைவகத்திலிருந்து திரும்பும் ஒலிக்கும் 13, 14-ஆம் கால்களில் இன்னொரு வடிகட்டி உண்டு. பிட்களின் படிக்கட்டுகளைச் சமன்செய்வது அது. வெட்டும் எல்லையை எங்கே வைப்பது என்பதில் பலர் தயங்குவார்கள். கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர்களே சுமார் 5,000 ஹெர்ட்சுக்கு மேல் விரைவாகச் சரிந்துவிடுபவை. ஆகவே எதிரொலியை 3,400 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டினாலும் கேட்பவர் அதைக் குறையாக உணர மாட்டார். ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 4.7 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் அந்த எல்லையைத் தரும். 3.9 நானோஃபாரட் என்றால் எல்லை 4,000 ஹெர்ட்சுக்குச் சற்று மேலே நகரும். வாசிப்பவரைவிட எதிரொலி பளிச்சென்று இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். மங்கிய எதிரொலி பின்னால் ஒதுங்கி நிற்கும். சிப்பின் பலவீனம் இசைக்கு உதவியாக மாறும் இடம் இதுதான்.

ரிப்பீட் குமிழ் செய்வது எளிய வேலை. வெளியே வரும் எதிரொலியில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் நுழைவாயிலில் சேர்க்கிறது. அந்தப் பங்கு 60 சதவீதமாக இருந்தால் அடுத்தடுத்த எதிரொலிகள் 60, 36, 22, 13 சதவீதம் என்று தேயும். நூறு சதவீதத்தைத் தொட்டால் எதிரொலி ஓயாது. தாண்டினால் ஒவ்வொரு சுற்றிலும் பெருகி ஊளையிடத் தொடங்கும். சில கலைஞர்கள் இந்த ஊளையையே விரும்பிப் பயன்படுத்துவதால், குமிழின் கடைசி முனையில் மட்டும் அது எட்டும்படி மதிப்புகளைத் தேர்வது நல்லது. திரும்பும் ஒலி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வடிகட்டிகளையும் கடப்பதால் எதிரொலி மேலும் மேலும் மிருதுவாகிறது. தாழ்சுரங்களுக்கு இந்தத் தேய்வு இல்லை. அவை குவிந்து சேறாகிவிடும். திரும்பும் பாதையில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இட்டால் சுமார் 160 ஹெர்ட்சுக்குக் கீழே குறைந்துவிடும். பல எளிய வரைபடங்களில் இது இருக்காது; சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

நேரடிக் கிளையும் எதிரொலிக் கிளையும் டி.எல்.072-இன் இரண்டாவது பாதியில் சந்திக்கின்றன. இரண்டும் ஆளுக்கொரு ரெசிஸ்டர் வழியே வந்து கூடுகின்றன. எதிரொலியின் பக்கத்தில் மட்டும் ஒரு பாட். அதுதான் மிக்ஸ் குமிழ்.

சர்க்யூட்டுக்கு 9 வோல்ட் போதும் என்றாலும் பி.டி.2399 இயங்குவது 5 வோல்ட்டில். 78எல்05 என்ற சிறிய ரெகுலேட்டர் அந்த மாற்றத்தைச் செய்கிறது. பி.டி.2399-இன் 1-ஆம் காலில் 100 மைக்ரோஃபாரட், அதன் பக்கத்திலேயே 100 நானோஃபாரட், 2-ஆம் காலில் 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் காலை ஒட்டியே இருக்க வேண்டும். சிப்புக்குள் துடிக்கும் கடிகாரம் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓடுகிறது. அதன் கசிவு ஒலிப்பாதையில் ஏறினால் மெல்லிய விசில் கேட்கும். 3-ஆம் கால் அனலாக் கிரவுண்டு, 4-ஆம் கால் டிஜிட்டல் கிரவுண்டு என்று சிப்பே பிரித்துத் தருகிறது. இரண்டையும் தனித்தனி வயரில் இழுத்து, மின்சாரம் நுழையும் இடத்தில் ஒரே புள்ளியில் சேர்த்தால் விசில் பெரும்பாலும் அடங்கிவிடும். கிட்டார் பெடல் அடாப்டர்களில் நடுமுனை மைனஸ். மற்ற வீட்டு அடாப்டர்கள் பலவற்றில் அது பிளஸ். மாற்றிச் செருகினால் சிப் எரியும். நுழைவாயிலில் 1என்5817 டயோடு ஒன்று தொடராக இருந்தால் அந்த ஆபத்து இல்லை. பேட்டரியைவிட அடாப்டரே இதற்கு ஏற்றது. இந்தச் சிப் மின்சாரத்தைச் சற்றுத் தாராளமாகவே குடிக்கும்.

பாகங்களைத் தேட அதிகம் அலைய வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் எக்கோ ஐ.சி. என்று கேட்டாலே சிப்பை எடுத்துக் கொடுப்பார்கள். ஒன்பது முனைகள் கொண்ட கால் ஸ்விட்ச்சும் அலுமினிய வார்ப்புப் பெட்டியும் மட்டும் பெரும்பாலும் இணையக் கடைகளில்தான் கிடைக்கும். ஒரே எண் அச்சிட்ட சிப்களிலேயே சில அதிகம் இரையும், சில அமைதியாக இருக்கும். இரண்டு மூன்று வாங்கி, சாக்கெட்டில் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு நல்லதைத் தேர்வது அறிவுடைமை.

முதலில் எல்லாவற்றையும் பிரெட்போர்டில் கட்டிக் கேட்க வேண்டும். சால்டர் வைக்கும் முன்பே கெப்பாசிட்டர்களை மாற்றி மாற்றிச் செவிக்குப் பிடித்த மங்கலைக் கண்டுபிடிக்கும் கட்டம் இது, அவசரப்படக் கூடாது. பிடித்த மதிப்புகள் கிடைத்தபின் வெரோ போர்டிலோ ஃபெர்ரிக் குளோரைடில் அரித்தெடுத்த பி.சி.பி.யிலோ சர்க்யூட்டை இறக்கலாம். உயரம் குறைந்த ரெசிஸ்டர்களை முதலிலும், ஐ.சி. சாக்கெட்டுகளை அடுத்தும், பெரிய மின்பகு கெப்பாசிட்டர்களைக் கடைசியிலும் வைத்தால் வேலை எளிது. மின்பகு கெப்பாசிட்டரின் மைனஸ் கோட்டையும் சிப்பின் பள்ளத்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதுமானது. புகை முகத்தில் படாத இடத்தில் உட்கார்ந்து செய்வதும், ஈயம் கலந்த சால்டரைத் தொட்ட கையைக் கழுவுவதும் அவசியம்.

கால் ஸ்விட்ச்சை இணைப்பதில் இரண்டு வழிகள் உண்டு. பெடலை அணைத்தவுடன் கிட்டார் ஒலி சர்க்யூட்டையே தொடாமல் ஒரு வயரைப்போலக் கடந்துபோவது முதல் வழி. மூன்று தொகுதிகள் கொண்ட ஒன்பது முனை ஸ்விட்ச் அதைச் செய்யும், மூன்றாவது தொகுதி எல்.இ.டி.யை எரிக்கும். பெரும்பாலான வீட்டுப் பெடல்களில் இதுவே வழக்கம். டிலே பெடலுக்கு இரண்டாவது வழியே பொருத்தம். பஃபரிலிருந்து சிப்புக்குப் போகும் கிளையை மட்டும் ஸ்விட்ச் துண்டிக்கும். நேரடி ஒலி எப்போதும் போல ஓடும். முதல் வழியில் மிதித்த கணமே எதிரொலி கத்தரித்ததுபோல் அறுந்துவிடும். இரண்டாவதில் நினைவகத்தில் இருந்தவை தாமாகத் தேய்ந்து அடங்கும். வேகமான பகுதி முடிந்து அமைதியான பகுதி தொடங்கும் பாட்டில் இதன் அருமை புரியும். ஸ்விட்ச்சின் இரு பக்கத்துக் கெப்பாசிட்டர்களுக்கும் 1 மெகா ஓம் ரெசிஸ்டரால் மின்னூட்டத்தை வடித்துவிட்டால் மிதிக்கும்போது ‘டப்’ என்ற சத்தம் எழாது.

பெட்டி உலோகமாக இருப்பது அழகுக்காக அல்ல. வீட்டு மின்வயர்களின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தைச் சர்க்யூட்டுக்குள் புகவிடாமல் தடுப்பது அதுதான். பெடல் செய்பவர்கள் 125பி என்று அழைக்கும் அலுமினியப் பெட்டி இதற்கு வசதியானது. துளையிடும் முன் பாகங்களைக் காகிதத்தில் வரைந்து, பெட்டியில் ஒட்டிப் பார்ப்பது நல்லது. கால் ஸ்விட்ச்சுக்கு 12 மில்லிமீட்டர், ஜாக்குகளுக்கு ஏறத்தாழ 10, சிறிய பாட்களுக்கு 7 முதல் 8 மில்லிமீட்டர் துளைகள் வேண்டும். நுழைவு ஜாக்கிலிருந்து போர்டுக்குப் போகும் வயர் குட்டையாக, சிப்பின் கடிகாரக் கால் பக்கம் போகாமல் இருக்க வேண்டும்.

மின்சாரம் கொடுத்தும் ஒலி வராவிட்டால் பதற வேண்டாம். மல்டிமீட்டரை எடுத்து சிப்பின் 1-ஆம் காலில் 5 வோல்ட், 2-ஆம் காலில் 2.5 வோல்ட், ஆப்-ஆம்பின் வெளிவாயில்களில் 4.5 வோல்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை சரியென்றால், ஒலி எங்கே தொலைகிறது என்பதைக் காதாலேயே தேடலாம். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரின் நுனியில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்து, கிட்டாரை மீட்டிக்கொண்டே சர்க்யூட்டின் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டு போனால், ஒலி கேட்ட கடைசி இடத்துக்கும் கேட்காத முதல் இடத்துக்கும் நடுவே தவறு இருக்கும். பெரும்பாலும் ஒரு சால்டர் முனை ஒட்டாமல் இருக்கும், அல்லது வெரோ போர்டில் வெட்ட வேண்டிய தடம் வெட்டப்படாமல் இருக்கும்.

பெடலைப் பாட்டோடு பொருத்த ஒரு சிறு கணக்கு போதும். 60,000-ஐ நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லி விநாடியில் கிடைக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் 500; அரைத் தட்டு 250, முக்கால் தட்டு 375. யூ2 குழுவின் கிட்டார் கலைஞர் எட்ஜ் முக்கால் தட்டு எதிரொலியைத் தன் கையெழுத்தாகவே ஆக்கிக்கொண்டார். வாசிக்கும் ஒவ்வொரு சுரத்தின் இடுக்கிலும் எதிரொலி விழுந்து, ஒருவர் இருவராக ஒலிக்கும். 25 கிலோ ஓம் பாட் போட்ட பெடலில் 120 தட்டில் அது எட்டாது. 132 தட்டுக்கு மேற்பட்ட பாட்டுகளில் எட்டும். பல பெடல்களை வரிசையாக இணைக்கும்போது, ஒலியைச் சிதைக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்குப் பின்னால் டிலே பெடலை வைப்பதே வழக்கம். முன்னால் வைத்தால் எதிரொலிகளும் நேரடி ஒலியும் ஒன்றாகச் சிதைந்து, எது சுரம் எது நிழல் என்று தெரியாமல் குழம்பிவிடும்.